ஒரே கார்டு: அக்காவுக்கு 144 நிமிடம், தம்பிக்கு 48

வெளிநாட்டு ப்ரீபெய்டு காலிங் கார்டு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மா. வயது எழுபதைத் தாண்டியாயிற்று. மகளும் மகனும் பாரிஸ் புறநகரில், தனித்தனி வீடுகளில். அம்மாவிடம் 0413 லேண்ட்லைன் ஒன்றும் பட்டன் போன் ஒன்றும் இருக்கின்றன. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. காலிங் கார்டு என்பது முன்பணம் கொடுத்து வாங்கும் அட்டை; அதில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, பட்டையைச் சுரண்டினால் தெரியும் ரகசிய எண்ணை (பின் நம்பர்) அழுத்தினால் வெளிநாட்டுக்குப் பேசலாம். வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் காலிங் கார்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த பீரோதான் பதில்.

அக்காவும் தம்பியும் பாரிஸின் லா ஷப்பேலில், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரே கடையில் ஒரே 5 யூரோ கார்டை வாங்குகிறார்கள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "இந்தியா 250 நிமிடம்". அக்காவுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தம்பிக்கு இரண்டு வாரம் கூடத் தாங்குவதில்லை. "எனக்குக் குடுத்தது டூப்ளிகேட்" என்கிறார் தம்பி. "ஒரே கட்டிலிருந்துதானே எடுத்துக் குடுத்தார்?" என்கிறார் அக்கா.

இது எந்த ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையும் அல்ல. புதுச்சேரி–பிரான்ஸ் குடும்பங்களில் வழக்கமாக எழும் புகார்களைக் கோத்து அமைத்த மாதிரி. கட்டண எண்களும் மாதிரிக்காக வைத்தவையே. கார்டு காசு எடுக்கும் முறை மட்டும் இப்படியேதான் இருக்கும்.

பின்பக்கப் பொடி எழுத்து

கார்டின் பின்னால், சுரண்டும் பட்டைக்குக் கீழே இருந்தவை இவை. பேச்சுக் கட்டணம் நிமிடத்துக்கு 2 சென்ட். ஒவ்வொரு கால் இணையும்போதும் 20 சென்ட் இணைப்புக் கட்டணம். நேரம் 3 நிமிடக் கட்டுகளாகக் கணக்கிடப்படும். கட்டணமில்லா 0800 எண் வழியாகப் போனால் நிமிடத்துக்கு 1 சென்ட் கூடுதல். முதல் காலிலிருந்து 7 நாளுக்கு ஒரு தடவை 40 சென்ட் பராமரிப்புக் கட்டணம். முதல் காலிலிருந்து 60 நாளில் கார்டு காலாவதி.

முன்பக்கத்து 250 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரியும். 5 யூரோ என்பது 500 சென்ட். அதை 2 ஆல் வகுத்தால் 250. மற்ற எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. அசையாமல் உட்கார்ந்து ஒரே காலில் கார்டு முழுவதையும் பேசித் தீர்த்தால்கூட இணைப்புக்கு 20 போக மீதி 480 சென்ட்டுக்கு 240 நிமிடம்தான் கிடைக்கும். ஆக, அச்சிட்ட எண்ணிக்கை யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.

இரண்டு கணக்கு

அக்கா ஞாயிறு மதியம் ஒரு தடவை, கார்டில் உள்ள உள்ளூர் 01 எண் (பாரிஸ் பகுதி எண்) வழியாக, 40 நிமிடம் பேசுகிறார். 40 என்பது 3 நிமிடக் கட்டில் 42 ஆகிறது. 84 சென்ட்டும் இணைப்பு 20 சென்ட்டும் சேர்ந்து ஒரு காலுக்கு 104. அடுத்த ஞாயிறுக்குள் 40 சென்ட் தானாகக் கழிந்துவிடும். மூன்று ஞாயிறு முழுசாகப் பேசி, நாலாவது ஞாயிறு உட்காரும்போது கார்டில் 68 சென்ட் இருக்கும். இணைப்புக்கு 20 போனால் 24 நிமிடம். மொத்தம் 144 நிமிடம். ஒரு நிமிடம் ஏறக்குறைய மூன்றரை சென்ட்.

தம்பி தினமும் வேலை இடைவேளையில் 4 நிமிடம், 0800 எண் வழியாகப் பேசுகிறார். 4 நிமிடம் 6 ஆகிறது. நிமிடத்துக்கு 3 சென்ட் வீதம் 18, இணைப்புக்கு 20, ஆக ஒரு காலுக்கு 38 சென்ட். ஏழு நாளில் 266. பராமரிப்பு 40. மீதி 194 சென்ட்டில் ஐந்து கால். மொத்தம் 12 கால், 48 நிமிடம், கார்டில் 4 சென்ட் மிச்சம். நிமிடத்துக்கு 10 சென்ட்டுக்கு மேல் ஆகிவிட்டது. அச்சிட்ட விலையைப் போல ஐந்து மடங்கு.

அவருடைய 500 சென்ட் போன வழியைப் பிரித்துப் பார்த்தால்: இணைப்புக்கு 240, பேசாமலே கழிந்த கட்டு நிமிடங்களுக்கு 72, பராமரிப்புக்கு 40, மிச்சம் 4. உண்மையில் அம்மாவோடு பேசியதற்குப் போனது 144 சென்ட்தான். கார்டு டூப்ளிகேட் இல்லை. நீளமாகப் பேசுகிறவருக்கான கார்டைச் சுருக்கமாகப் பேசுகிறவர் வாங்கியிருக்கிறார்.

அதே கடையில், அதே கொக்கியில், இன்னொரு 5 யூரோ கார்டு தொங்குகிறது. அதில் "இந்தியா 130 நிமிடம்" என்றுதான் போட்டிருக்கும். யாரும் கை வைப்பதில்லை. நிமிடத்துக்கு 3.8 சென்ட், ஒரு நிமிடக் கணக்கு, இணைப்புக் கட்டணமும் பராமரிப்பும் கிடையாது, 0800 எண் என்றால் 4.5 சென்ட். தம்பிக்கு இதில் ஒரு கால் 18 சென்ட்; 27 கால், 108 நிமிடம். உள்ளூர் எண்ணில் போனால் 32 கால், 128 நிமிடம். மாதம் 30 காலுக்கு முதல் கார்டில் பராமரிப்பு இரண்டு தடவையையும் சேர்த்து 12 யூரோ 20 சென்ட் ஆகும். இதில் 5 யூரோ 40 சென்ட்.

அக்கா இந்தக் கார்டுக்கு மாறினால்? மூன்று ஞாயிறு தலா 40, நாலாவது ஞாயிறு 11. மொத்தம் 131 நிமிடம். பழைய கார்டை விட 13 நிமிடம் குறைவு. அவருக்குப் பழையதே சரி. ஆகவே "எந்தக் கார்டு நல்லது?" என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயனில்லை. வாரத்துக்கு எத்தனை கால், ஒரு காலுக்கு எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

தினமும் வேண்டாம், மூன்று நாளைக்கு ஒரு தடவை 12 நிமிடம் பேசு என்று தம்பிக்குச் சொல்லலாம்தான். பழைய கார்டில் அப்படிப் பேசினால் மாதம் 7 யூரோவுக்கு மேல் ஆகும். அதுவும் புதுக் கார்டின் தினசரிக் கணக்கைவிட அதிகம். தவிர, அம்மாவுக்குத் தினம் ஒரு தடவை குரல் கேட்க வேண்டும்.

இலவச எண் இலவசமா

தம்பி 0800 எண்ணைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய சிம் மாதம் 2 மணி நேரம் மட்டும் பேசும் திட்டம். பிரான்சில் 2015 அக்டோபரிலிருந்து 0800 முதல் 0805 வரை தொடங்கும் எண்களுக்கு மொபைலிலிருந்து கூப்பிட்டாலும் கட்டணம் இல்லை. அந்தச் செலவை ஏற்பது கார்டு கம்பெனி. அதைத்தான் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கார்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் 01 எண்ணில் போனால் கார்டில் கழிவது குறையும், ஆனால் சிம்மின் 2 மணி நேரத்தில் கைவைக்கும். பின் நம்பர் அழுத்தும் நேரமும் அதில் சேரும். தினம் 4 நிமிடப் பேச்சு, 1 நிமிட அழுத்தல் என்றால் மாதம் இரண்டரை மணி நேரம், திட்டத்தைத் தாண்டிவிடும். ஆகவே அவர் 0800 எண்ணிலேயே இருப்பதில் தவறில்லை. அளவில்லாமல் பேசும் திட்டம் உள்ள அக்காவுக்கு 0800 எண் தண்டச் செலவு. 081, 082, 089 என்று தொடங்கும் எண் கார்டில் இருந்தால் யாருமே அதைத் தொட வேண்டாம்; 0800 போலத் தெரியும், ஆனால் அந்தக் காலுக்கு போன் பில்லில் தனியாகக் காசு ஏறலாம்.

அழுத்தும் முறை

உள்ளே போகும் எண்ணை டயல் செய்து, மொழியைத் தேர்ந்து, பின் நம்பரையும் # ஐயும் அழுத்தி, மீதியைக் கேட்டு, பிறகு போக வேண்டிய எண்ணை அழுத்தி மறுபடி #. இவ்வளவுதான். சிக்கல் வருவது கடைசிப் படியில்.

புதுச்சேரி லேண்ட்லைனுக்கு 0091 413, பிறகு ஏழு இலக்கம். 0413 இன் முதல் பூஜ்யம் வெளிநாட்டிலிருந்து வராது. கடலூர் என்றால் 0091 4142, பிறகு ஆறு இலக்கம், சிதம்பரம் 4144. எதுவானாலும் 91க்குப் பிறகு பத்து இலக்கம் இருக்க வேண்டும். பதினொன்று இருந்தால் பூஜ்யம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில கார்டுகளில் 00 ஐயும் விட்டுவிட்டு 91 இலிருந்து அழுத்தச் சொல்வார்கள். குரல் வழிகாட்டியைக் கேட்டுவிட்டு அழுத்துவது நல்லது.

விலைப் பட்டியலில் "இந்தியா" என்று ஒரு வரிதான் இருக்கிறதா, சென்னை, மும்பை போன்ற நகரங்களுக்குத் தனி வரி இருக்கிறதா, மொபைலுக்குத் தனி விலையா என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை விலையைப் பார்த்து வாங்கிவிட்டு 413க்குப் போட்டால் "இந்தியா – மற்றவை" என்ற வரியின் விலை கழியும்.

ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினாலு இலக்கத்தை அழுத்துவது எரிச்சல். ஆண்ட்ராய்டில் ஒரே தொடர்பாகச் சேமித்து வைக்கலாம்: உள்ளே போகும் எண், ஒரு காற்புள்ளி, பின் நம்பர், #, இரண்டு காற்புள்ளி, அம்மா எண், #. ஒரு காற்புள்ளிக்கு போன் சுமார் 2 விநாடி நிற்கும். குரல் வழிகாட்டி மெதுவாகப் பேசினால் காற்புள்ளியைக் கூட்ட வேண்டும். அரைப்புள்ளி போட்டால் நீங்கள் சரி சொல்லும் வரை காத்திருக்கும். பட்டன் போனில் * விசையை அடுத்தடுத்து அழுத்தினால் இந்த நிறுத்தக் குறிகள் வரும். போனைத் தொலைத்தால் கார்டும் சேர்ந்தே தொலையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே பின் நம்பரில் இருவர் ஒரே நேரத்தில் நுழைந்தால் பெரும்பாலும் இரண்டாமவருக்கு "கார்டு பயன்பாட்டில் உள்ளது" என்று வரும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து வீச வேண்டாம்.

மீதியை நிமிடமாகச் சொல்லும் குரலை நம்பாதீர்கள். இருக்கும் காசைப் பேச்சு விலையால் மட்டும் வகுத்துச் சொல்வதுண்டு. பணமாகச் சொல்லும் கார்டே கணக்குப் பார்க்க வசதி.

எடுக்காத காலுக்குக் காசு

தம்பியின் இன்னொரு புகார்: அம்மா எடுக்கவே இல்லை, ஆனால் காசு போய்விட்டது. இது சில மலிவு வழித்தடங்களில் நடப்பதுதான். எதிர்முனையில் ரிங் போய்க்கொண்டிருக்கும்போதே இடையில் இருக்கும் நிறுவனம் "எடுத்தாயிற்று" என்று சமிக்ஞை அனுப்பிவிடும். அந்த நொடியிலேயே இணைப்புக் கட்டணமும் முதல் மூன்று நிமிடமும் கழிந்துவிடும். ஸ்விட்ச் ஆஃப் அறிவிப்புக்கும் சிலசமயம் இப்படிக் கழியும். இந்தியாவில் காலர் ட்யூன் ஒலிப்பது எடுத்ததாகக் கணக்கில்லை. ஆகவே பாட்டு கேட்டதற்குக் காசு என்று சொன்னால் அது பொருந்தாது.

சோதிக்கும் வழி எளிது. மீதி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன் பக்கத்திலேயே இருந்தாலும் எடுக்காதே என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டு, அரை நிமிடம் ரிங் விட்டு வைத்துவிடுங்கள். திரும்ப நுழைந்து மீதியைக் கேளுங்கள். ஒரு சென்ட் குறைந்தாலும் கடைக்குக் காட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. புதுக் கார்டு வாங்கிய முதல் நாளிலேயே இதைச் செய்துவிடலாம்.

குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்பது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் வருவது, மூன்றாம் நிமிடத்தில் அறுந்து போவது எல்லாம் நெரிசல் நேரத்து வியாதிகள். பழைய கார்டில் ஒரு தடவை திரும்பப் போட்டால் குறைந்தது 26 சென்ட். மூன்று தடவை என்றால் 78. எனவே இரண்டாம் தடவையும் சரியில்லை என்றால் அரை மணி கழித்துப் போடுவதே மேல். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அக்காவின் மதியம் மூன்று மணி, கோடையில் அம்மாவுக்கு மாலை ஆறரை. குளிர்காலத்தில் ஏழரை, சீரியல் நேரம். இதற்கும் லைன் தரத்துக்கும் சம்பந்தமில்லை, அம்மா எடுப்பதற்கு உண்டு.

பிரான்ஸ் காலில் இந்திய எண்

ஒரு மாதம் தம்பி வேறொரு கார்டு வாங்கினார்: 5 யூரோவுக்கு 1500 நிமிடம். அம்மாவின் பட்டன் போனில் மகன் காலுக்கு பிரான்ஸ் குறியீடான +33 வரவில்லை. யாரோ ஒருவரின் பத்து இலக்க இந்திய மொபைல் எண் வந்தது, ஒவ்வொரு நாளும் வேறு எண். அம்மா அந்த எண்ணுக்கே திருப்பிக் கூப்பிட்டபோது ஸ்விட்ச் ஆஃப்.

வெளிநாட்டிலிருந்து வரும் காலை இந்தியாவில் கொண்டு சேர்க்க, இந்திய நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிறுவனம் நிமிடத்துக்கு ஒரு முடிப்புக் கட்டணம் தர வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 பிப்ரவரியில் அதை 53 காசிலிருந்து 30 காசாகக் குறைத்தது; 2020 மே முதல் 35 முதல் 65 காசுக்குள் என்று மாற்றியது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 1500 நிமிடக் கார்டின் விலை நிமிடத்துக்கு சுமார் 33 காசு. முடிப்புக் கட்டணத்தின் அடி எல்லைக்கும் கீழே. அந்த விலைக்கு ஒழுங்கான வழியில் கால் வர முடியாது. ஒன்று, மற்ற கட்டணங்களில் பிடுங்குவார்கள். இல்லையென்றால் கால் இணையம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, வரிசையாகச் செருகிய சிம்களுள்ள பெட்டி ஒன்றிலிருந்து உள்ளூர் கால் போலப் போகும். சிம் பாக்ஸ் என்று காவல்துறைச் செய்திகளில் வருவது இதுதான்.

அது சட்டவிரோதம் என்பதோடு, குடும்பத்துக்கு நேரடி ஆபத்தும் உண்டு. தெரியாத எண்ணிலிருந்து வந்தாலும் மகன்தான் என்று எடுத்துப் பழகிய அம்மா, நாளை போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் கைது" பேர்வழியின் காலையும் எடுப்பார். இப்படி இந்திய எண்ணில் வெளிநாட்டுக் கால் வந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ 1963, 1800110420 எண்களிலோ தெரிவிக்கலாம். தம்பி அந்தக் கார்டைக் கைவிட்டார்.

கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் வளைகுடா வீடுகளுக்கும் இது பொருந்தும். அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை இருப்பதால், அறைக்கே வந்து விற்கப்படும் பெயரில்லாத பின் நம்பர்கள் மேல் ஆசை வரும். உரிமம் உள்ள நிறுவனங்களின் கார்டையோ அனுமதி பெற்ற செயலியையோ தவிர வேறெதையும் தொடாமல் இருப்பதே அங்கே பாதுகாப்பு. பிடிபட்டால் விசாவுக்கே சிக்கல்.

கடையில்

சுரண்டும் பட்டை முழுசாக இருக்க வேண்டும். கடைக்காரர் "நானே சுரண்டித் தரேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின் நம்பரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். அதே நம்பர் எத்தனை பேருக்குப் போனது என்று தெரியாது. கம்பெனியின் பெயரும் வாடிக்கையாளர் சேவை எண்ணும் கார்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, கடையை விட்டு இறங்குமுன் ஒரு தடவை நுழைந்து மீதி 5 யூரோ என்று சொல்கிறதா என்று கேட்டுவிடலாம். மொத்தமாக ஐந்தாறு வாங்கிச் சேர்த்து வைப்பது வீண்; விற்பனைக்கான கடைசித் தேதி தாண்டினால் திறக்காது.

தீர்ந்த கார்டையும் ஒரு மாதம் வைத்திருங்கள். புகார் செய்யும்போது பின் நம்பரோடு வரிசை எண்ணையும் கேட்பார்கள், கால் போட்ட நாளையும் மணியையும் கேட்பார்கள். சேவை எண்ணில் நியாயம் கிடைக்காவிட்டால் பிரான்சில் அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கான்சோ இருக்கிறது. இந்தப் புகார்கள் அற்பமானவை என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2011 இல் இதே போன்ற ஏமாற்று விளம்பரத்துக்காக நாலு கார்டு நிறுவனங்கள் மீது தலா 50 லட்சம் டாலர் அபராதம் முன்மொழிந்தது. ஆயிரக்கணக்கான நிமிடம் என்று அச்சிட்டு, கட்டணங்களைப் பொடி எழுத்தில் ஒளித்ததுதான் குற்றச்சாட்டு.

இப்போதைய ஏற்பாடு

அக்கா பழைய கார்டிலேயே இருக்கிறார். ஒரு சிறு மாற்றம் மட்டும். 40 நிமிடத்தில் வைக்காமல் 42இல் வைக்கிறார், எப்படியும் கழியப் போகிற இரண்டு நிமிடம். தம்பி 130 நிமிடக் கார்டுக்கு மாறிவிட்டார்.

அதற்கு மேல் ஒரு கார்டு, இணைப்புக் கட்டணம் இல்லாதது, திறக்காமல் அக்கா வீட்டு மேசையில் கிடக்கிறது. மழைக்காலத்துக்காக. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்தால் இந்தப் பக்கம் மொபைலும் நெட்டும் படுத்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரம் வரும் பழைய செப்புக் கம்பி லேண்ட்லைன் என்றால், கம்பி அறுந்து போகாதவரை மணி அடிக்க வாய்ப்பு உண்டு. ஃபைபருக்கு மாறிவிட்ட வீட்டில் மோடத்துக்கு யுபிஎஸ் இருந்தால்தான் அது நடக்கும். அம்மா வீட்டில் எது என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டது இந்தக் கணக்கெல்லாம் பார்த்த பிறகுதான்: ஃபைபர், யுபிஎஸ் இல்லை. அடுத்த தடவை ஊருக்கு வருகிறவர் வாங்கி வைப்பதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணும் காற்புள்ளி வைத்துச் சேமித்தாயிற்று.

மூன்றாம் மாதம் தம்பி 130 நிமிடக் கார்டு வாங்கியபோது அதே படம், அதே பெயர், அதே 130. பின்னால் ஒரு வரி புதிது: "முதல் அழைப்புக்கு 30 நாள் கழித்து மாதம் 1 யூரோ சேவைக் கட்டணம்." தினமும் பேசுகிற தம்பிக்கு 27 நாளிலேயே கார்டு தீர்ந்துவிடும், அந்த வரி அவரைத் தொடாது. மாதம் இரண்டு தடவை மட்டும் அம்மாவைக் கூப்பிடும் சித்தப்பாவுக்கு இந்தக் கார்டைச் சிபாரிசு செய்ய இருந்தார், அதை நிறுத்திக்கொண்டார்.